எந்த ஆண்டுக்கு அனுப்புவது? பிள்ளைகளின் காலப்பயணக் கதைகளில் ஒரு தேர்வு

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன நூலகம் இருக்கிறது. பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம்; இரண்டு இரும்பு அலமாரி, ஒரு ஜமக்காளம், ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வருவார்கள். நான் கதை வாசித்துக் காட்டுவேன். கையில் இருப்பது ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும் வாய் தமிழில்தான் சொல்லும். சின்னவர்களுக்கு அப்போதுதான் ஏறுகிறது.

இந்த முறை சங்கத்தில் கொஞ்சம் பணம் ஒதுக்கினார்கள். "பசங்க வரலாறு தெரிஞ்சுக்கணும், ஆனா பாடப்புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது" என்றார் செயலாளர். பிள்ளைகளிடம் கேட்டேன். "டைம் டிராவல்!" என்று கூரை பிளக்கக் கத்தினார்கள். அங்கே ஆரம்பித்தது என் தலைவலி. ஆங்கிலத்தில் இந்த வகையில் கொட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் வாங்கப் பணம் இல்லை, ஒரு தட்டுதான் காலி.

சில மாதங்களாக ஒவ்வொன்றாகக் கடன் வாங்கியும், பழைய புத்தகக் கடையில் எடுத்தும் வாசித்துப் பார்த்தோம். நான் வைத்த பரீட்சை ஒன்றே ஒன்று. கதை முடிந்து ஒரு வாரம் கழித்து, நான் எதுவும் கேட்காமல், பிள்ளைகள் தாங்களாக எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். மந்திரப் பெட்டியையும் பச்சைப் புகையையும் பற்றிப் பேசினால் அந்தப் புத்தகத்தில் வரலாறு வெறும் திரைச்சீலை. "அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா ஆன்ட்டி?" என்று யாராவது கேட்டால், வரலாறு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாரும் முதலில் சொல்வது 'மேஜிக் ட்ரீ ஹவுஸ்'. மேரி போப் ஆஸ்போர்ன் எழுதியது, முதல் புத்தகம் 1992இல் வந்தது. உலகம் முழுக்க 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொடர். பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரில் ஜாக், ஆனி என்று அண்ணன் தங்கை. மரத்தின் மேல் ஒரு வீடு, அது நிறையப் புத்தகம். ஏதாவது ஒரு படத்தைத் தொட்டு "அங்கே போகணும்" என்றால் போய்விடலாம். ஜாக் எதைப் பார்த்தாலும் நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொள்வான். ஆனி யோசிக்காமல் ஓடிவிடுவாள். அத்தியாயங்கள் குட்டி குட்டியாக, மொத்தம் பத்து. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். தானாக ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான படிக்கட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் பலம் என்னவென்றால், கதைக்குள்ளேயே பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து பார்த்துத் தகவல் தேடுகிறார்கள். பயந்தாலும் தேடுகிறார்கள். பண்டைய ஒலிம்பிக் கதையில் பெண்கள் உள்ளே போகவே கூடாது என்று தெரிந்ததும் எங்கள் ஜமக்காளத்தில் இருந்த பெண் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அது போதும், அந்தப் புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது.

பண்டைய ரோமானிய நகரமான பொம்பெய் பற்றிய கதை வேறு மாதிரி வேலை செய்தது. வெசூவியஸ் எரிமலை வெடித்த கி.பி. 79. தொலைந்துபோகவிருக்கும் ஒரு சுருளைக் காப்பாற்றத்தான் ஜாக்கும் ஆனியும் அங்கே போகிறார்கள். கதையை முடித்துவிட்டு, பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தில் நிஜமாகவே ஒரு நூலகம் கரியாகிக் கிடந்ததையும், 1752இல் தோண்டி எடுத்த அந்தச் சுருள்களில் பலவற்றைச் சிதைக்காமல் பிரிக்க முடியாமல் இரண்டரை நூற்றாண்டு தவித்ததையும் சொன்னேன். சுருளைத் திறக்காமலேயே படம்பிடித்து, கணினியின் துணையோடு 2023இல் ஒரு சொல்லை வாசித்தார்கள். அந்தச் சொல் 'ஊதா'. ஒரு பையன் தன் நோட்டின் அட்டையில் ஊதாப் பென்சிலால் 'ஊதா' என்று எழுதிக்கொண்டு போனான். வெடித்த தேதியிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. வெடிப்பைத் தூரத்திலிருந்து நேரில் பார்த்த ரோமானியர் இளைய பிளினியின் கடிதத்தை வைத்து ஆகஸ்ட் 24 என்றுதான் வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2018இல் பொம்பெய்ச் சுவர் ஒன்றில் அக்டோபர் நடுவில் வரும் தேதியோடு கரியால் கிறுக்கிய ஒரு வரி கிடைத்தது. அதனால் வெடிப்பு அக்டோபரில் நடந்திருக்கலாம் என்ற வாதம் வலுத்தது. "அப்போ புக்குல இருக்கிறது தப்பா?" என்று கேட்டார்கள். தேதியே மாறக்கூடியது என்று எட்டு வயதில் தெரிந்துகொள்வது நல்லதுதானே.

ஆனால் இந்தத் தொடரில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாக் கதையிலும் நாயகர்கள் இன்றைய பிள்ளைகள். அந்தக் காலத்து மனிதர்கள் வழிகாட்டவோ உதவி வாங்கவோ வந்துவிட்டுப் போகிறவர்கள். வெடிப்பு, பூகம்பம், கப்பல் எதுவானாலும் ஜாக்கும் ஆனியும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள் என்று மூன்றாவது புத்தகத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதையில் கள மருத்துவமனையும் செவிலியர் கிளாரா பார்ட்டனும் வருகிறார்கள்; காயம்பட்டவர்களுக்கு எப்படி உதவினார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே போய்ச் சேர்கிறது. போர் எதற்காக நடந்தது என்ற கேள்வி ஓரமாக நிற்கிறது. ஏழு வயதுக்கு இந்த அளவு சரி. பத்து வயதுக்கு இது போதாது.

பத்து வயதுக்கு என்று தேடும்போதுதான் 'ரேஞ்சர் இன் டைம்' கையில் கிடைத்தது. கேட் மெஸ்னர் எழுதியது, 2015 முதல் வந்த தொடர். நாயகன் ஒரு நாய்! கோல்டன் ரெட்ரீவர். தேடி மீட்கும் பணிக்குப் பயிற்சி எடுத்து, சோதனையின்போது அணில் பின்னால் ஓடியதால் தோற்றுப்போன நாய். தோட்டத்தில் புதைந்து கிடந்த ஒரு பழைய முதலுதவிப் பெட்டி ரீங்காரமிட ஆரம்பித்தால், யாரோ எங்கோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். கழுத்தில் மாட்டிக்கொண்டால் அந்தக் காலத்தில் போய் இறங்கும்.

முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது புத்தகத்தில் புரிந்தது, இது எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு என்று. பயணம் போகிறது நாய் என்பதால் கதையின் நடு இடம் காலியாகிவிடுகிறது. அந்த இடத்தில் அந்தக் காலத்துக் குழந்தை வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாய்க்கு எதிர்காலம் தெரியாது, "இந்தக் கப்பல் மூழ்கப்போகிறது" என்று அது பெருமையடிக்காது. அதற்குத் தெரிவது புகை வாசனை, ஈர மண், அழுகிற குரல். மொழிப் பிரச்சினையும் இல்லை. இன்றைய அமெரிக்கப் பையன் ரோமானியனோடு எப்படிப் பேசினான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. குரைப்பு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

இரண்டு தொடர்களும் ஒரே நிகழ்வுக்குப் போயிருப்பதால் ஒப்பிடுவது சுலபமாகிவிட்டது. 1906 ஏப்ரல் 18, காலை 5 மணி 12 நிமிடம், சான்ஃபிரான்சிஸ்கோ. பூகம்பத்தைவிட அதைத் தொடர்ந்து நாள்கணக்கில் எரிந்த தீதான் நகரத்தை அழித்தது. நான்கு லட்சம் பேர் இருந்த ஊரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். மேஜிக் ட்ரீ ஹவுஸ் கதையில் ஜாக்கும் ஆனியும் ஓர் அண்ணன் தம்பியைச் சந்திக்கிறார்கள், உதவுகிறார்கள், நம்பிக்கை ஊட்டும் ஒரு வரியோடு திரும்புகிறார்கள். மனதைத் தொடும் கதைதான், குறை சொல்ல மாட்டேன். ரேஞ்சர் கதையில் சீனக் குடும்பத்துச் சிறுமி வருகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அதில் எல்லாமே மாறிவிடுகிறது. அவள் வந்ததும் சைனாடவுன் வருகிறது. சைனாடவுன் வந்ததும் ஒரே தீயில் எரிந்த ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை என்பது வருகிறது.

அந்தச் சனிக்கிழமை கதையை மூடி வைத்துவிட்டு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டியதாயிற்று. 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடைச்சட்டம் போட்டார்கள், 1943இல்தான் அதை நீக்கினார்கள். பூகம்பத்துக்குப் பிறகு, நகரின் நல்ல இடத்தில் இருந்த சைனாடவுனை ஊர் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம் என்று நகரத்தார் திட்டம் போட்டார்கள். சீனர்கள் விட்டுக்கொடுக்காமல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். தீயில் நகராட்சிப் பதிவேடுகள் எரிந்துபோனதால், "நான் இங்கே பிறந்தவன்" என்று பலர் சொல்லிக்கொள்ள வழி பிறந்தது. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் சீனாவிலிருந்து தங்கள் பிள்ளைகள் என்று காகிதத்தில் காட்டிச் சிலரை அழைத்துக்கொண்டார்கள். 'காகிதப் பிள்ளைகள்' என்றே அவர்களுக்குப் பெயர். செத்தவர்கள் எத்தனை பேர் என்ற அன்றைய கணக்கு 400ஐக்கூட எட்டவில்லை. பிற்காலத்து மதிப்பீடு 3,000 அல்லது அதற்கும் மேல். விடுபட்டவர்களில் சைனாடவுன்காரர்கள் நிறைய. "ஏன் எண்ணல?" என்று பதினொரு வயதுப் பெண் கேட்டாள். இந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம்.

ரேஞ்சரில் எனக்குப் பிடித்த இன்னொன்று, கடைசிப் பக்கங்கள். எது உண்மை, எதைக் கற்பனையாகச் சேர்த்தேன், எங்கே போய்ப் பார்த்தேன், என்ன வாசித்தேன் என்று ஆசிரியர் விலாவாரியாக எழுதியிருப்பார். மேஜிக் ட்ரீ ஹவுஸிலும் இந்த வசதி உண்டு, ஆனால் பெரும்பாலும் தனிப் புத்தகமாக. டைட்டானிக், பொம்பெய் போன்ற கதைகளுக்குத் துணைநூல் தனியாக வருகிறது, அதைத் தனியாக வாங்க வேண்டும். துணைநூல்கள் அருமையானவைதான். ஆனால் பிள்ளைகள் கதையை எடுத்துப் போவார்கள், துணைநூல் அலமாரியிலேயே தூசி படியும். அனுபவம்.

ரேஞ்சரின் குறை, ஆபத்து ஆபத்து என்று மூச்சுவிடாமல் ஓடுவது. பூகம்பம், எரிமலை, போர், புயல், மூழ்கும் கப்பல். மனிதர்கள் விபத்து நடந்த அன்று மட்டும்தான் வாழ்ந்தார்கள் போலிருக்கிறது என்று ஒரு குழந்தை நினைத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை ரோமில் என்ன சமைத்தார்கள் என்பது இதில் அதிகம் கிடைக்காது. மேரிலாந்துத் தோட்டத்திலிருந்து அக்காவும் தம்பியும் அடிமைத்தனத்தை விட்டுத் தப்பி வடக்கே போகும் புத்தகம் இதில் கொஞ்சம் விலக்கு. அது ஓடி முடிகிற கதை என்பதைவிட நடந்து நடந்து போகிற கதை. பசி, இருட்டு, யாரை நம்புவது என்ற தவிப்பு எல்லாம் இருக்கிறது. தொடரில் ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

'டைம் வார்ப் ட்ரியோ' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் செஸ்கா எழுதியது, 1991இல் தொடங்கியது. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அது வரிக்கு வரி தெரியும், வகுப்பின் கடைசி பெஞ்சு எப்படிப் பேசும் என்று அவருக்கு அத்துப்படி. புரூக்ளின் பையன்கள் மூன்று பேர், மந்திரவாதி மாமா கொடுத்த ஒரு நீலப் புத்தகம், பச்சைப் புகை. போன இடத்தில் அதே புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் வீடு. புத்தகமே பிடிக்காத பையன் உங்கள் வீட்டில் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். ஆனால் எங்கள் ஜமக்காளத்தில் இது படுத்துவிட்டது. காரணம் சிலேடை. தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ஆங்கிலச் சொல் விளையாட்டு. தமிழில் சொல்லும்போது நகைச்சுவையை விளக்க வேண்டியதாகிறது, விளக்கிய நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள்? எகிப்துக் கதையில் ஹட்ஷெப்சுட், மூன்றாம் துட்மோஸ் என்று நிஜமான ஆட்கள் வருகிறார்கள். ஒரு வாரம் கழித்து நான் கேட்டதெல்லாம் அதில் வந்த வில்லன் பூசாரியின் பெயர்தான். பரீட்சையில் பெயில்.

எலி எழுத்தாளர் ஜெரோனிமோ ஸ்டில்டனின் காலப்பயணப் புத்தகங்களும் எங்கள் பிள்ளைகளிடையே ஓடிக்கொண்டே இருக்கின்றன. கெட்டி அட்டை, வண்ண எழுத்து, படம். டைனோசர், எகிப்து, ஆர்தர் மன்னர் எல்லாம் ஒரே தட்டில். ஆர்தர் வரலாறா புராணக் கதையா என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பிறந்தநாள் பரிசுக்குச் சரி. அலமாரிக்கு நான் எடுக்கவில்லை.

இப்போது என் செல்லத்துக்கு வருகிறேன். ஈ. நெஸ்பிட் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் தி அம்யூலெட்', 1906. நூற்றிருபது வருடம் ஆகிறது. பிள்ளைகள் காலத்தில் பின்னோக்கிப் போய் வரலாற்றைப் பார்க்கும் கதை என்ற வகைக்கே ஒரு வகையில் இதுதான் பாட்டி. லண்டனில் நான்கு பிள்ளைகள், கையில் பாதித் தாயத்து. மறுபாதி கடந்த காலத்தில் எங்கோ இருக்கிறது. தாயத்தைத் தூக்கிப் பிடித்து மந்திரச் சொல்லைச் சொன்னால் அது வளைவாகப் பெரிதாகும், உள்ளே நுழைந்தால் எகிப்து, பாபிலோன், சீசர் நிற்கிற கடற்கரை.

நெஸ்பிட் சும்மா எழுதவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் எகிப்தியலாளர் வாலிஸ் பட்ஜிடம் கேட்டுக் கேட்டு எழுதி, நூலை அவருக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். ஆனால் நூல் பாடம் எடுக்காது. எகிப்துச் சிறுமியும் லண்டன் சிறுமியும் ஒருவர் பேசுவது ஒருவருக்கு எப்படிப் புரிந்தது என்ற இடம் வரும்போது, "அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது" என்கிற தொனியில் கதைசொல்லி கையை விரித்துவிடுவார். தமிழில் சொல்லும்போது இந்தக் குரல் அப்படியே உட்காருகிறது. நம் பாட்டிகள் கதை சொல்லும்போது "நடுவுல கேள்வி கேட்காதே, கேளு" என்பார்களே, அதே அதட்டல், அதே செல்லம். பக்கம் பக்கமாக நான் தமிழில் சொன்ன புத்தகங்களில் இதுதான் நாக்கில் தடுக்காமல் வந்தது.

இதில் பாபிலோன் ராணி லண்டனுக்கே வந்துவிடுவாள். பிள்ளைகள் அவளை மியூசியத்துக்குக் கூட்டிப் போவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தன் நகைகளைப் பார்த்ததும் "இது என்னுடையது, எடுத்துக் கொடுங்கள்" என்பாள். காவலர்கள் விழிப்பார்கள். அவளிடம் அப்போது வரம் பலிக்கும் சக்தி இருக்கிறது. பாபிலோனியப் பொருள்கள் எல்லாம் வெளியே வரட்டும் என்று சொல்ல, கல்லும் சிலையும் கதவை முட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்து நிற்கும். எங்கள் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அப்புறம் ஒரு சந்தேகம்: "நம்ம சாமி சிலைகளும் அப்படிப் போயிருக்கா?" போயிருக்கிறது. அரியலூர் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் நின்றார். 2014இல்தான் திரும்ப இந்தியாவுக்கு வந்தார். 1906இல் ஓர் ஆங்கிலப் பெண் விளையாட்டாக எழுதிய காட்சி, இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வேறு விதமாக வலிக்கிறது, வேறு விதமாக இனிக்கிறது.

அதே ராணி லண்டன் ஏழைகள் வசிக்கும் தெருக்களில் போகும்போது, "உங்கள் அடிமைகளை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள்?" என்ற பொருள்படக் கேட்பாள். அவர்கள் அடிமைகள் இல்லை, உழைப்பாளிகள், ஓட்டுப் போடுகிறவர்கள் என்று பிள்ளைகள் விளக்க முயல்வார்கள். ராணிக்கு வித்தியாசம் பிடிபடாது. நெஸ்பிட் 1884இல் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று தெரிந்தால் இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்பது புரியும். காலப்பயணக் கதையில் நான் தேடுவது இதைத்தான்: பழைய காலம் திரும்பி நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இன்று வருகிற தொடர்களில் பெரும்பாலும் நாம்தான் பழைய காலத்தைச் சுற்றிப் பார்க்கிறோம், அது நம்மைப் பார்ப்பதில்லை.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆங்கிலம் பழசு, பதிமூன்று வயதுக்குக் கீழே தானாக வாசிப்பது கடினம். எகிப்துக்கும் பாபிலோனுக்கும் நடுவே அட்லாண்டிசும் வந்துவிடுகிறது. மூழ்கிப்போன அந்தத் தீவு பிளேட்டோ சொன்ன கதை என்று வாசிப்பவர்தான் பிரித்துக் காட்ட வேண்டும். சீசர் பிரிட்டனுக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்த நேரத்தில், பிள்ளைகள் இங்கிலாந்தைப் பற்றிப் பெருமையடித்ததைக் கேட்டு மனம் மாறுவதாக வரும். சீசர் கி.மு. 55இலும் 54இலும் போனது உண்மை. பிடித்து வைத்துக்கொள்ளவில்லை, அது நடந்தது ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், கி.பி. 43இல். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது, ராணி லண்டனில் இருக்கும் அத்தியாயத்தில் பங்குத் தரகர்களான யூதர்களைக் கேலிசெய்து எழுதியிருப்பது. சின்னவர்களுக்குச் சொல்லும்போது நான் அதைத் தாண்டிவிட்டேன். பெரியவர்களுக்குத் தாண்டாமல் வாசித்தேன், ஏன் இது அசிங்கம் என்று பேசினோம். நல்ல எழுத்தாளருக்கும் தன் காலத்தின் அழுக்கு ஒட்டும் என்பதும் வரலாறுதான்.

பணம் பற்றிய நல்ல செய்தி: நெஸ்பிட் 1924இல் இறந்துவிட்டார், காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டு அச்சுப்பொறியில் எடுத்துக் கம்பிச்சுருள் போட்டு வைத்திருக்கிறேன்.

அதே 1906இல் கிப்ளிங்கின் 'பக் ஆஃப் பூக்ஸ் ஹில்' வந்தது. அதில் பிள்ளைகள் எங்கும் போவதில்லை. பழைய காலத்து மனிதர்கள் ஒவ்வொருவராக சசெக்ஸ் வயல்வெளிக்கு வந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். வடக்கே ரோமானியச் சுவரைக் காக்கும் வீரன் பேசும் கதைகள் பிரமாதம். ஆனால் இங்கிலாந்து வரலாறு கொஞ்சமாவது தெரிந்திருந்தால்தான் ருசிக்கும். எங்கள் கூட்டத்தில் இரண்டாவது வாரமே கொட்டாவி கேட்டது. விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. இதை மற்றவற்றோடு ஒரே தராசில் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. ஜேன் யோலனின் 'தி டெவில்ஸ் அரித்மெடிக்', 1988. ஹன்னா பன்னிரண்டு வயது அமெரிக்க யூதப் பெண். பாஸ்கா பண்டிகைக்கு உறவினர்கள் கூடி, பழைய துக்கங்களையே பேசிக்கொண்டிருப்பது அவளுக்கு அலுப்பாக இருக்கிறது. தீர்க்கதரிசி எலியாவுக்காகக் கதவைத் திறந்துவிடுவது அவர்கள் வழக்கம். அவள் திறக்கிறாள். வெளியே 1942, போலந்து. அவளை எல்லாரும் ஹாயா என்று கூப்பிடுகிறார்கள்.

காலப்பயணம் என்ற உத்தி எதற்கு இருக்கிறது என்று இந்தப் புத்தகத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. ஹன்னாவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும். பள்ளியில் படித்திருக்கிறாள். கல்யாண ஊர்வலத்தில் போகும்போது படைவீரர்களைப் பார்த்ததும் கத்திச் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை; ஏன் நம்ப வேண்டும்? மற்ற தொடர்களில் எதிர்காலம் தெரிந்திருப்பது ஒரு வசதி. இங்கே அது சித்திரவதை. முகாமுக்குள் போன பிறகு அவளுடைய பழைய வாழ்க்கையே கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறது; வீடு எது, நியூயார்க் எது என்று நழுவுகிறது. கதையில் வரும் முகாம் பல முகாம்களைக் கலந்து உருவாக்கியது என்று ஆசிரியரே பின்குறிப்பில் சொல்கிறார். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள் என்ற எண் பிள்ளைகளுக்கு வெறும் எண். ஹாயாவின் தலைமுடியை மழிக்கும் பக்கத்தில் அது எண்ணாக இருப்பதில்லை.

ஜமக்காளத்தில் வாசிக்க முடியுமா? முடியாது. ஏழு வயதுக்காரர்கள் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. பன்னிரண்டு வயதுக்கு மேல், அதுவும் வாசித்து முடித்ததும் பேச ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால்.

இவ்வளவு சுற்றியபின் எடுத்த முடிவு இது. மேஜிக் ட்ரீ ஹவுஸ் முழுத் தொடரையும் பெட்டியாக வாங்கும் ஆசையை விட்டோம். ஏறக்குறைய ஒரே அச்சில் வருபவை, ஐந்தாறு போதும். பொம்பெய், ஒலிம்பிக், டைட்டானிக், சீனாவில் நூல்களை எரித்த பேரரசர், சான்ஃபிரான்சிஸ்கோ, இவற்றோடு இந்தியாவுக்கு வரும் முகலாயர் காலக் கதை ஒன்று. பொம்பெய்க்கு மட்டும் துணைநூல். மீதிப் பணம் முழுக்க ரேஞ்சருக்கு: அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்களின் ஆரகன் தடம், ரோம், மேரிலாந்து, சான்ஃபிரான்சிஸ்கோ, தென் துருவம். சான்ஃபிரான்சிஸ்கோ இரண்டு தொடரிலிருந்தும் வாங்கியது தெரியாமல் செய்த தவறு இல்லை. இரண்டையும் ஒரே வாரம் ஒரே குழந்தையின் கையில் கொடுப்பேன். செயலாளர் பில்லைப் பார்த்துவிட்டு "ஒரே பூகம்பத்துக்கு எதுக்கும்மா ரெண்டு புக்கு?" என்று கேட்டார். வாசித்துப் பாருங்கள் சார் என்று கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இன்னும் திரும்பி வரவில்லை.

நெஸ்பிட் கம்பிச்சுருளோடு என் பையில் இருக்கிறது, சனிக்கிழமைகளில் தமிழில் தொடர்கிறது. இப்போது மறுபடி பாபிலோனில் இருக்கிறோம், பிள்ளைகள் கேட்டதால். யோலனின் புத்தகத்தை அலமாரியில் வைக்கவில்லை. அது என் வீட்டில் இருக்கிறது. 'ஏன் எண்ணல?' என்று கேட்ட பெண்ணுக்கு அடுத்த வருடம் பன்னிரண்டு முடிகிறது. அவள் அம்மாவிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறேன்.